காத்துக் குடிக்கிற பேட்டரி

டிக்கெட் எடுத்தாச்சா தாயி?

இல்ல, காட்ட வேணாம், காட்ட வேணாம். பைக்குள்ளயே வைங்க. பழக்க தோசம். பஸ்ல ஏறினா வாய் தானாக் கேட்டுருது. இதே ராஜபாளையம் - மதுரை ரோட்டுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பால்வண்ணம்னு சொன்னா பழைய கண்டக்டருங்க இன்னைக்கும் சில்லறையச் சரி பாப்பாங்க. ரிட்டயர் ஆனவங்களுக்குப் பாஸ் உண்டு. ஆனா நான் டிக்கெட் எடுத்துத்தான் போவேன். ஒரு பய ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது பாருங்க. இந்தா, மதுரைக்கு எடுத்திருக்கேன்.

முன் சீட்ல இருந்தவன் ஏன் எந்திரிச்சு இங்க வந்தேன்னு பாக்கறீங்க. அங்க வெயில். மூஞ்சியில சுள்ளுன்னு அடிக்குது. இந்தப் பக்கம் நெழலா இருக்கு, அதான். நீங்க அந்த சன்னலோரத்துலயே இருங்க, நான் இந்த சீட்டுல இப்பிடி ஓரமா உக்காந்துக்கிறேன். நடுவுல நடக்கிற வழி இருக்கு. பையை எதுக்கு மடியில தூக்கி வைக்கிறீங்க? இருக்கட்டும், நல்லதுதான். யாரையும் நம்பக் கூடாது. உங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்.

டிக்கெட் இல்லாதவன் எப்பிடி இருப்பான் தெரியுமா? பாதிப் பேரு தூங்குவான். கண்ணு மூடியிருக்கும், கண்ணுக்குள்ள முழி உருண்டுக்கிட்டே இருக்கும். மீதிப் பேரு என்னயப் பாத்துச் சிரிப்பான். செக்கரப் பாத்து எவனாவது சிரிப்பானா? இன்னொரு ரகம் இருக்கு. டிக்கெட் என்னமோ தூரத்து ஊருக்கு வச்சிருப்பான், பாதி வழியிலயே எறங்கிருவான். டிக்கெட்டத் தாண்டிப் போனாத்தான் ரூல்ஸ்படி தப்பு. முன்னாலயே எறங்கினாத் தப்பு கெடையாது. ஆனா எனக்கு அவன் மேலதான் ரொம்பச் சந்தேகம் வரும். காசு குடுத்த தூரத்த எவன்யா விட்டுட்டு எறங்குவான்? ஏதோ ஒரு விசயம் இல்லாம எறங்க மாட்டான்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. எங்க வீட்ல பேட்டரி காணாமப் போச்சு.

சிரிக்காதீங்க தாயி. சின்ன விசயம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்டம்மாவுக்கு, கோமதின்னு பேரு, ரெண்டு காதும் மந்தம். விசக் காய்ச்சல் வந்து எறங்குனதுல போச்சு. காதுக்குப் பின்னால மாட்டுற மிஷின் இருக்குல்ல, அது ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேட்டரி. சட்டப் பொத்தான் தண்டிதான் இருக்கும், கொஞ்சம் கனமா. ஒரு அட்டையில ஆறு. புதுசுல ஒவ்வொண்ணு மேலயும் வாலு வச்ச நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அத உரிச்சாத்தான் வேல செய்யும்.

அத உரிக்கிறதே ஒரு பெரிய பூசை அவளுக்கு. உரிச்சு, பேட்டரிய உள்ளங்கையில வச்சுக்கிட்டு, பேசாம உக்காந்திருப்பா. "ஏன்டி, மாட்ட வேண்டியதுதான?"ம்பேன். மிஷின் இல்லாம காது கேக்காது, என் வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிருவா. "காத்துக் குடிக்கட்டும், ரெண்டு நிமிசம்"பா. பேட்டரி காத்துக் குடிக்குமா? நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீங்க, நீங்க சொல்லுங்க. நான் என்ன நெனச்சேன்னா, அந்த ரெண்டு நிமிசம் என் பேச்சக் கேக்காம இருக்கத்தான் இந்தச் சாக்குன்னு நெனச்சேன்.

வேலையில இருந்தப்ப இதெல்லாம் நான் கவனிச்சது கெடையாது. ரிட்டயர் ஆன பெறகுதான் வீட்டப் பாக்க நேரம் கெடச்சது. பாத்தா, ஓட்டை மேல ஓட்டை. பால்காரன் நொரையோட அளக்கிறான். தண்ணி கேன்காரன் நம்ம கேன எடுத்துட்டு நசுங்குன கேன வச்சுட்டுப் போறான். இவ ஒண்ணையும் கேக்கறதில்ல. சரின்னு எல்லாத்தையும் நான் எடுத்துக்கிட்டேன். பேட்டரி அட்டையும் இனிமே நாந்தான் வாங்குவேன்னு சொன்னேன். அப்பத்தான் பிடிபட்டுச்சு. ஒரு அட்டை ரெண்டு மாசம் வரணும்னு கடைக்காரன் சொல்றான். எங்க வீட்ல ஒரே மாசத்துல காலி.

மொதல்ல கடைக்காரனத்தான் சந்தேகப்பட்டேன். பழைய சரக்கத் தள்ளி விடுறியான்னு கேட்டேன். அவன் அட்டையத் திருப்பித் தேதியக் காட்டினான். தேதி அடிக்கிறதா பெரிய காரியம்? வேற கடைக்குப் போனேன். அங்க வாங்கினதும் ஒரு மாசம்தான்.

அப்பறம் கண்ணாடியப் பாத்தேன். பொம்பளைங்க ஸ்டிக்கர் பொட்டக் கண்ணாடியில ஒட்டி வைப்பாங்கள்ல. எங்க வீட்டுக் கண்ணாடியில ஒரு பக்கம் பூராம் செவப்புப் பொட்டு, இன்னொரு பக்கம் பூராம் இந்த நீல ஸ்டிக்கரு. உரிச்சதத் தூரப் போடாம அங்க ஒட்டுறா. ஒரு ஆளுக்கு இருக்கிறது ரெண்டு காது. கண்ணாடியில பாத்தா அஞ்சு காதுக்கு ஆகுற ஸ்டிக்கரு. கண்டக்டர் பையில இருக்கிற காசும் டிக்கெட்டும் ஒத்துப் போகலேன்னா என்ன அர்த்தம்? அதே அர்த்தம்தான்.

கேட்டேன். "தீந்து போச்சுங்க"ன்னா. அம்புட்டுத்தான். கோமதி பொய் சொல்ல மாட்டா, ஆனா முழுசாவும் சொல்ல மாட்டா. அந்த ரகத்த எனக்கு நல்லாத் தெரியும்.

கிருஷ்ணன்கோவில் வந்துருச்சா? நல்லா வெரட்டுறான் டிரைவர். தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? சீல் ஒடைக்காத பாட்டில்தான். சரி.

அப்பறம்தான் அந்தக் குரல் கேட்டுச்சு.

மத்தியானம் சாப்பிட்டு நான் கொஞ்சம் கண்ணசருவேன். அவ உள் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு இருப்பா. ஒருநாள் தூக்கம் வரல. படுத்திருக்கேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளக் குரல், கீச்சுன்னு, ஃபோன்ல வருமே அந்த மாதிரி. என்ன சொல்லுதுன்னு வெளங்கல. ஆனா இவ பதில் சொன்னா பாருங்க, அது நல்லா வெளங்குச்சு. காது மந்தமானவங்க மெதுவாப் பேசறதா நெனச்சுச் சத்தமாப் பேசிருவாங்க. "கேக்குதுடி, கேக்குது"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, வா"ன்னா.

எந்திரிச்சு உக்காந்துட்டேன். அந்த வீட்ல ஃபோன் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அவகிட்டக் கெடையாது. கெடையாதுன்னு வச்சதே நாந்தான். "டி" போட்டு அவ பேசறது ஒரே ஒருத்திகிட்டத்தான்.

எங்களுக்கு ஒரே மக தாயி. ஆவுடைச்செல்வி.

அவ கதையக் கேளுங்க, நான் சந்தேகப்பட்டது சரியா தப்பான்னு நீங்களே சொல்லுங்க. காலேஜ் போய்க்கிட்டிருந்தா. ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நான் ஏறின வண்டியில இவ உக்காந்திருக்கா. வரிசையாக் கேட்டுக்கிட்டே வாரேன், இவ முறை வந்துச்சு. பாஸை வீட்ல மறந்துட்டேன்பான்னு மெதுவாச் சொன்னா. கண்டக்டர் சொல்றான், விடுங்க சார், நம்ம பிள்ளைன்னு. எப்பிடி விடுறது? பின்னால அம்புட்டு சனம் பாத்துக்கிட்டு இருக்கு. என் பிள்ளைக்கு ஒரு ரூல், ஊரான் பிள்ளைக்கு ஒரு ரூலா? அபராதம் போட்டேன். அவகிட்டக் காசு இல்ல. எறங்குன்னு சொல்லிட்டேன். அப்ப பின் சீட்டுல இருந்து ஒரு பய எந்திரிச்சு, நான் கட்டிடுறேன் சார்ன்னான். நீ யாருடா, உனக்கும் இவளுக்கும் என்னன்னு அந்த எடத்துலயே கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. யாருன்னே தெரியாதுப்பான்னு அழுதா. சத்தியமாத் தெரியாதுன்னா.

ரெண்டு வருசம் கழிச்சு யாரக் கட்டிக்கிட்டா தெரியுமா? அந்தப் பயலத்தான். ஞானதுரைன்னு பேரு. மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கான். அபராதக் காசத் திருப்பிக் குடுக்கப் போன எடத்துல பழக்கமாச்சுன்னு கோமதி சொல்றா. நான் நம்பல. அன்னைக்கே நான் கண்டுபிடிச்சுட்டேன்ல? அன்னைக்கே கேட்டேன்ல, உனக்கும் இவளுக்கும் என்னன்னு?

காலையில வேலைக்குப் போறேன்னு போனவ, மறுநாள் கல்யாணமாயிருச்சுன்னு ஆள் விட்டுச் சொன்னா. மூணு வருசம் ஆகுது. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். இவளும் அங்க போகக் கூடாது, பேசக் கூடாது. கோமதி ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. சரின்னு தலையாட்டுனா. அப்பிடித் தலையாட்டுனவ மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு "சரி, வா"ங்கிறா. எனக்கு எப்பிடி இருக்கும்?

மாடியில ஒரு டீச்சரம்மா குடியிருந்தாங்க, சௌந்தரம்னு. அவங்கதான் ஃபோன் குடுக்கிறாங்கன்னு முடிவு பண்ணேன். மாடிப்படியிலயே நிறுத்திக் கேட்டேன். இல்லவே இல்லைங்க சார், என்ன இப்பிடிக் கேக்கறீங்கன்னு மொகம் செவந்து போச்சு. மறு மாசமே வீட்டக் காலி பண்ணிட்டாங்க. தப்பு பண்ணலேன்னா ஏன் காலி பண்ணணும்?

ஆனா பாருங்க, டீச்சரம்மா போன பெறகும் குரல் நிக்கல.

இவ கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழம வீட்டப் பூராம் கொடஞ்சேன். பீரோ, சாமி படத்துக்குப் பின்னால, தையல் மிஷின் டிராயரு, ஒண்ணு விடல. கடைசியா அரிசி டிரம்முல கைய விட்டேன். அடியில மெத்துன்னு ஒரு துணி மூட்டை தட்டுப்பட்டுச்சு. உருவுனேன். மாட்டுனடி மகளேன்னு அவுத்தேன்.

ஃபோன் இல்ல. இந்தா, இதுதான்.

முயல் பொம்மை. ஒரு கைக்குள்ள அடங்கிரும். ஆண்டாள் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல போட்ட கடையில விப்பான், சின்னப் பிள்ளைங்க வாங்கும். வயித்துல அமுக்கினாப் பேசும். இந்தா முதுகுல பாருங்க, ஊசி போற ஓட்டை. இதுல ஊக்கக் குத்திப் பிடிச்சுக்கிட்டு நாம பேசினா, பேசினது பதிஞ்சுக்கிரும். பத்து நொடிதான் பதியும். கைக்குத் தர மாட்டேங்கல, வாங்கிப் பாருங்க.

இப்ப சுத்தமா இருக்கு. நான் எடுத்தப்ப இது இருந்த கோலமே வேற. முதுகு மூடி இல்ல. உள்ள இருந்து ரெண்டு வயரு வெளிய வருது, சீரியல் செட் லைட்டுல இருந்து வெட்டின வயரு. அந்த வயருல மூணு பேட்டரி. எங்க வீட்டுக் காது பேட்டரி! ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மாத்திரை அட்டையோட வெள்ளித்தாள மடிச்சு மடிச்சு வச்சு, மேல சைக்கிள் டியூப் ரப்பர மாட்டியிருக்கா. லொடலொடன்னு ஆடுது. பக்கத்துலயே இன்னும் ரெண்டு வயரு, முறுக்கி, எதுலயும் மாட்டாமச் சும்மா தொங்குது. அது எதுக்குன்னு எனக்கு அப்பத் தெரியல. யாரு இதச் சொல்லிக் குடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவ படிச்சது எட்டாவது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

அமுக்கினேன்.

"அம்மா, மிஷின மாட்டிட்டியா? கேக்குதா? நான் சாயங்காலம் வந்துருவேன்."

ஆவுடை குரலு. போன அன்னைக்குக் காலையில பதிஞ்சு வச்சுட்டுப் போயிருக்கா. பொய்யப் பாத்தீங்களா? சாயங்காலம் வந்துருவேனாம். என்னைக்கு வந்தா? இவ இதக் கேட்டு, பொம்மைக்கு "சரி, வா"ன்னு பதில் சொல்லிக்கிட்டிருக்கா மூணு வருசமா.

பொம்மையக் கீழ வைக்க மனசு வரல. கோவம்தான். வேற என்ன? மறுபடி அமுக்கினேன். நல்லாக் கேட்டு உறுதி பண்ணிக்கணும்ல, செக்கிங்னா அப்பிடித்தான். மறுபடி அமுக்கினேன். உக்காந்து அமுக்கினேன். நின்னுக்கிட்டு அமுக்கினேன். "கேக்குதா?"ங்கிற எடத்துல கொஞ்சம் இழுப்பா, சின்னப் பிள்ளையில இருந்தே அப்பிடித்தான் இழுப்பா. எத்தன தடவ அமுக்கினேன்னு தெரியாது. பாத்தா, குரல் நைஞ்சு போய் ஆம்பளக் குரல் மாதிரி ஆகுது. பேட்டரி எறங்குது. எனக்குப் பொறுக்கல. இப்பிடி லொடலொடன்னு கட்டி வச்சா எப்பிடிக் கரண்டு நிக்கும்னு, நல்லாக் கட்டி வைப்போம்னு, ஒழுங்காக் கட்டினா இன்னொரு தடவ தெளிவாக் கேக்கலாமேன்னு... அதாவது உறுதி பண்ணிக்கலாமேன்னு.

எல்லாத்தயும் கழட்டினேன். வயரத் துணியால தொடச்சேன். உள்ள ஏதாவது சிம் கார்டு ஒளிச்சு வச்சிருக்காளான்னும் எட்டிப் பாத்தேன், இல்ல. அட்டையில இருந்து புதுசா மூணு பேட்டரிய உரிச்சு, அந்த வெள்ளித்தாளத் தூக்கிப் போட்டுட்டு, நேரா அடுக்கி, கறுப்பு டேப்ப எடுத்து இறுக்கிச் சுத்தினேன். ஒரு துளி சந்து விடல. சுத்தி முடிச்சா, கம்பெனியில செஞ்ச மாதிரி இருந்துச்சு. அமுக்கினேன்.

"கிர்ர்"னுச்சு. அப்பறம் அதுவும் நின்னு போச்சு.

பின்னால ரிப்பேர் கடையில கேட்டப்ப சொன்னான். இந்த மாதிரி வெல கொறஞ்ச பொம்மைக்குள்ள பதிஞ்சது, கரண்டு இருக்கிற வரைக்கும்தான் இருக்குமாம். கொஞ்ச நேரம் விட்டுப் போனாலும் அழிஞ்சிருமாம். அதுக்குத்தான் அந்த ரெண்டாவது சோடி வயரு. பழைய பேட்டரி இருக்கும்போதே புதுசை அதுல கட்டிட்டு, அப்பறம் பழச உருவுவாளாம். மூணு வருசமா ஒரு தடவகூட விட்டுப் போகாமப் பாத்திருக்கா. இன்னொண்ணும் சொன்னான். அந்தக் காது பேட்டரியில பொடி ஓட்டை இருக்குமாம், அது வழியாக் காத்து உள்ள போனாத்தான் கரண்டு வருமாம். இப்பிடி மூச்சு விடாம இறுக்கிக் கட்டினா எது சார் உயிரோட இருக்கும்னு கேட்டான். பேட்டரியத்தான் சொன்னான். எனக்கென்னமோ அவன் என்னயப் பாத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அந்தக் கடைக்கு இனிமே போக மாட்டேன்.

கோமதி வந்தா. பொம்மை மேசை மேல இருக்கு, டேப்பு சுத்தி. "இதுக்குத்தானா எல்லாம்?"னு கேட்டேன். அவ என்னயப் பாக்கவே இல்ல. எடுத்தா, அமுக்கினா, காதுல வச்சா. மறுபடி அமுக்கினா. டேப்பப் பல்லால கடிச்சுப் பிரிச்சு, பேட்டரிய உள்ளங்கையில வச்சு, அந்த ரெண்டு நிமிசம் உக்காந்திருந்தா. திருப்பி அடுக்கி அமுக்கினா. "கிர்ர்"னு மட்டும் வந்துச்சு.

அழுவான்னு பாத்தேன். அழுதிருந்தாச் சமாளிச்சிருப்பேன். அழல. காதுல இருந்த ரெண்டு மிஷினையும் கழட்டுனா. டப்பாவுல வச்சு மூடி, என் கையில குடுத்தா. "இனிமே எனக்குக் கேக்க ஒண்ணும் இல்லீங்க"ன்னா.

இந்தா, சட்டப் பையில இருக்கு பாருங்க, அந்த டப்பா. எங்க போனாலும் எடுத்துட்டே போறேன்.

அன்னையில இருந்து மாட்டல. சோறு வைக்கிறா, துணி தொவைக்கிறா, கொறை ஒண்ணும் சொல்ல முடியாது. நான் பேசினா வாயவும் பாக்க மாட்டேங்கிறா. தரையப் பாக்கிறா. முன்னயெல்லாம் நாந்தான் பேசுவேன், அவ கேப்பா. பால்காரன் ஏமாத்துனான்னாக் கேப்பா. இவன் மேல சந்தேகமா இருக்குன்னாக் கேப்பா. இப்ப வீட்ல நான் பேசறதக் கேக்க ஆள் இல்ல. சுவத்தப் பாத்துப் பேச வேண்டியிருக்கு. எனக்குப் பயமா இருக்கு தாயி. இப்பிடியே இருந்துருவாளோன்னு பயமா இருக்கு.

கல்லுப்பட்டி தாண்டிருச்சுல்ல? சொல்ல வேண்டியதச் சொல்லிடுறேன். முன் சீட்டுல வெயில்னு சொன்னேன்ல, அது சும்மா சொன்னது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நீங்க ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க, "கேக்குதா? ஹலோ, கேக்குதா?"ன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அதே இழுப்பு. அப்பிடியே ஆவுடை குரலு. அதான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந்திரிச்சு இங்க வந்துட்டேன்.

ஏம்மா இப்பிடிப் பாக்கறீங்க? என்னயச் சந்தேகப்படுறீங்களா? என்னயவா? நான் கேக்கப் போறது சின்ன உதவி. ரிப்பேர் கடையில இதுக்குச் சாதா பேட்டரி போட்டு வாங்கிட்டேன், இப்ப நல்லாப் பதியுது. ஊக்கும் கொண்டாந்திருக்கேன். நீங்க அந்த மூணு வார்த்தையச் சொல்லணும். "அம்மா, மிஷின மாட்டிட்டியா? கேக்குதா? நான் சாயங்காலம் வந்துருவேன்." அம்புட்டுத்தான். நான் கொண்டுபோய் அவகிட்டக் குடுத்து, இந்தாடி, சரி பண்ணிட்டேன், மிஷின மாட்டுன்னுருவேன். அவ காதுக்கு வித்தியாசம் தெரியவா போகுது? பாதிச் செவிடு.

என்ன சொல்றீங்க? சத்தத்துல கேக்கல, கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க.

கோமதிகிட்டப் போலி டிக்கெட்டக் குடுக்கிறேனா? நானா? அடேயப்பா. வாழ்க்கையில ஒரு போலி டிக்கெட்ட நான் விட்டது கெடையாது தாயி, கலர் பாத்தே பிடிப்பேன்... கோமதியும் அப்பிடித்தான் பிடிப்பாங்கிறீங்களா? மூணு வருசம் தெனம் கேட்ட குரலுங்கிறீங்க.

ம்.

சரி, பொம்மையக் குடுங்க. பதிய வேணாம்.

மக எங்க இருக்கான்னா கேக்கறீங்க? எனக்கென்ன தெரியும், நான் விசாரிச்சதே கெடையாது. திருமங்கலத்துல பஸ் ஸ்டாண்ட எதுத்து, அந்தப் பயலோட கடை மாடியிலதான். நீலக் கேட்டு. வாசல்ல ஒரு வெள்ள ஸ்கூட்டி நிக்கும். கொடியில இப்பக் கொஞ்ச நாளா சின்னச் சின்னத் துணியாக் காயுது, கைப்பிள்ளைத் துணி. எப்பிடித் தெரியும்னா, இந்த வண்டியில மாசா மாசம் மதுரைக்குப் போறேன்ல, சன்னல் வழியாத் தெரியும். மதுரையில எனக்கு வேலையா? ஒரு வேலையும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல ஒரு காப்பி குடிச்சுட்டு அடுத்த வண்டியில திரும்பிருவேன். சும்மா இருக்க முடியல, அதான். பழைய ரோட்ட ஒரு செக்கிங்.

கண்டக்டர் விசில் அடிக்கிறான். திருமங்கலமா? அதுக்குள்ளயா வந்துருச்சு?

அந்தா பாருங்க, கண்ணாடிக் கடை. அந்தா நீலக் கேட்டு. மாடியில ஆள் நிக்கிற மாதிரி தெரியுதா? என் கண்ணுக்குச் சரியாத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. நிக்கிதா? இடுப்புல பிள்ளையோடயா?

நான் போய் என்னத்தக் கேக்கப் போறேன்? மன்னிப்பா கேக்கப் போறேன்? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. உங்கம்மா மிஷின மாட்ட மாட்டேங்கிறா, பொம்மை அழிஞ்சு போச்சு, அந்த மூணு வார்த்தைய மறுபடி சொல்லுன்னு கேப்பேன். இல்ல, பொம்மை எதுக்கு? சாயங்காலம் வந்துருவேன்னு சொன்னேல்ல, அப்ப வா, வந்து நேர்ல சொல்லுன்னு கேக்கணும். சொன்ன சொல்லுல நிக்கணும்ல. அதத்தான் கேக்கப் போறேன். கதவத் தொறப்பாளா தாயி?

யோவ் கண்டக்டர், இருய்யா, எறங்கணும்! வண்டிய எடுத்துறாத!

இந்தா தாயி, என் டிக்கெட்டு. இத நீங்க வச்சுக்கங்க. திருப்பரங்குன்றம் பக்கம் செக்கிங் ஏறுவாங்க. புதுப் பையன், நல்லாச் சந்தேகப்படுவான். இந்த சீட்டுல இருந்த மதுரை டிக்கெட்டு எங்கன்னு கேட்டா, பெரியவரு திருமங்கலத்துலயே எறங்கிட்டாருன்னு சொல்லுங்க. சந்தேகப்பட்டாப் படட்டும்.